கதவில் ஒரு கீறல்



என் பழைய மாருதி ஜிப்சியை நீங்கள் அறிவீர்கள். 1985-இல் இந்தியாவில் அறிமுகமாகி, இமயமலை ராலிப் பந்தயங்களில் பெயர்பெற்ற வண்டி அது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் அதன் லோ கியரில் வேகம் குறையும். இழுக்கும் பலமோ பெருகும். சேற்றுக்கும் மேட்டுக்குமென்றே உண்டாக்கப்பட்ட அவ்வண்டியை நான் கீறல் படாமல் கொட்டகையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. கந்தர்வக்கோட்டையைச் சுற்றிலும் மரங்கள் வேரோடு சாய்ந்து வழிகளை அடைத்தன. சபையின் மூத்த சகோதரர் ஒருவர் ஓடிவந்து, "மகளுக்குப் பிரசவ வலி ஐயா. முந்திரித் தோப்பு வழியா உங்க வண்டி மட்டுந்தான் வரும்" என்றார்.

வெட்கத்துடன் அறிக்கையிடுகிறேன்: என் நினைவில் முதலில் வந்தது அந்த மகள் அல்ல, வண்டியின் பெயின்ட். சாவியை எடுக்க ஒரு நிமிடம் தாமதித்தேன். பின்பு, லோ கியரில் ஊர்ந்து, கிளைகள் உரச, மருத்துவமனையை அடைந்தோம். தாயும் சேயும் நலமாயிருந்தார்கள்.

கதவிலுள்ள நீண்ட கீறலை இன்றுவரை நான் மறைக்கவில்லை. நாம் சேர்த்து வைத்ததன் பின்னாலேயே நம் இருதயமும் போய்விடும் என்ற ஆண்டவரின் எச்சரிப்பை (மத்தேயு 6:21) அது எனக்கு நினைப்பூட்டுகிறது. நீங்கள் எதை உறையிட்டு மூடி வைத்திருக்கிறீர்கள்? யாருடைய தேவைக்காக அது உங்களிடம் ஒப்புவிக்கப்பட்டது?

ஜெபம்: ஆண்டவரே, நீர் தந்ததைப் பிறருக்குத் தாமதமின்றித் திறந்துகொடுக்க எங்களுக்குக் கிருபை தாரும். ஆமென்.