வலைத்தள வாயிலில் நிற்கும் மாணவர்

எந்தப் பாடத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றவரும் எம்.பி.ஏ. பயில வாய்ப்பிருத்தலின், தமிழிலக்கியம் கற்கும் நம் மாணவர்களும் இறுதியாண்டில் மேலாண்மைக் கல்வி நிறுவனங்களின் வலைத்தளங்களைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு துறைக்கு வருவதுண்டு. “இதில் சேரலாமா ஐயா?” என்பதே அவர்தம் வினா. கணினி நுட்பம் நமக்குச் சற்றுத் தொலைவு; ஆயினும் நூலைப் படிப்பது போலவே தளத்தையும் படிக்கலாமன்றோ? அவ்வாறு அவர்களுடன் அமர்ந்து படித்தபோது தோன்றியவற்றையே ஈண்டு எழுதுகிறோம்.

முகப்பில் காண்பன யாவும் ஏறத்தாழ ஒன்றே: பசும்புல்வெளி, கண்ணாடிச் சுவர், கழுத்துப்பட்டை அணிந்து நகைக்கும் இளைஞர். அவற்றைக் கடந்து மாணவர் முதலில் தேடுவது கட்டணத்தை. கட்டணம் என்பது முதற்பருவத் தொகை மட்டுமன்று. விடுதி, உணவு, தேர்வு உட்பட ஈராண்டின் மொத்தம். அஃது ஓரிடத்தில் ஓரெண்ணாக இருத்தல் வேண்டும். ஒரு நிறுவனத்தின் தளத்தில் இதனைக் காண நம் மாணவி ஒருவர் தம் கைப்பேசி எண்ணைப் பதிய நேர்ந்தது. பதிந்த பின்னும் கட்டணம் தெரியவில்லை. சேர்க்கை அலுவலரின் அழைப்புகளே நாள்தோறும் வந்தன. விலை சொல்லாத கடையில் நம் தாய்மார்கள் ஒரு முழத் துணியும் வாங்குவதில்லை.

அடுத்தது ஊதியம். ‘உயர்ந்த ஊதியம் இத்தனை இலட்சம்’ என்று பெரிய எழுத்தில் மின்னும். அதன்கீழ்ச் சராசரி நிற்கும். சராசரி எவ்வளவு மயக்கவல்லது என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். ஐவருள் நால்வர் ஆண்டுக்கு 3 இலட்சமும் ஒருவர் 28 இலட்சமும் பெற்றால் சராசரி 8 இலட்சம். ஆனால் 8 இலட்சம் வாங்கியவர் அவருள் ஒருவருமில்லை! ஊதியங்களை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்தால் கிடைப்பது 3 இலட்சமே. இடைநிலை அளவு எனப்படும் இவ்வெண்தான் கடன் வாங்கப்போகும் குடும்பத்துக்குப் பயன்படுவது. 1961இல் தொடங்கப்பட்ட அகமதாபாத் ஐ.ஐ.எம்., வேலைவாய்ப்பு அறிக்கைக்கென நெறிமுறை வகுத்து, குறைந்த ஊதியம், உயர்ந்த ஊதியம், சராசரி, இடைநிலை ஆகிய நான்கையும் தணிக்கை செய்த அறிக்கையாகத் தன் தளத்தில் வெளியிட்டு வருகிறது. பெருநிறுவனம் வெளிப்படையாகச் சொல்வதைச் சிறுநிறுவனம் சொல்ல ஏன் அஞ்சவேண்டும்? அஞ்சி மறைத்தாலும் அறிய வழியுண்டு. 2016 முதல் வெளிவரும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு நிறுவனங்கள் அளிக்கும் தரவுகளில் வேலை பெற்றோர் எண்ணிக்கையும் இடைநிலை ஊதியமும் உள்ளன. தளம் சொல்வதை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பெறப்போவது பட்டமா பட்டயமா என்பதும் தெளிவாக எழுதப்பட வேண்டும். பல்கலைக்கழகத்தோடு இணையாத தனி நிறுவனங்கள் வழங்குவது பி.ஜி.டி.எம். என்னும் பட்டயம். ஐ.ஐ.எம்.களே 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரே பட்டம் வழங்கும் உரிமை பெற்றன. ஆகவே பட்டயம் என்பதனால் தாழ்வில்லை, அதனை எம்.பி.ஏ.வுக்கு இணையாக இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஏற்றுள்ளதா என்பதைச் சொல்லாது விடுதலே குறை. பின்னாளில் முனைவர் பட்டம் நாடுவோர்க்கு அது தேவைப்படும்.

ஏ.ஐ.சி.டி.இ. தன் ஏற்பினைப் பெற்ற நிறுவனங்கள் ஆசிரியர், கட்டணம், இடங்கள் முதலிய விவரங்களைத் தளத்தில் கட்டாயம் வெளியிட வேண்டுமென விதித்துள்ளது. நாம் பார்த்த தளங்கள் பலவற்றில் அவ்விணைப்பு பக்கத்தின் அடியில், சிற்றெழுத்தில் கிடந்தது. உண்மை அடியிலும் விளம்பரம் முடியிலும் இருப்பதைத் தலைகீழாக்கினாலே தளம் பாதி நன்றாகிவிடும்.

தமிழ்த்துறையினர் என்பதால் இன்னொன்றும் கேட்கிறோம். கல்விக் கடன் பத்திரத்தில் மாணவருடன் கையொப்பமிடுபவர் தந்தையோ தாயோதான். அவருள் பலர் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர். மொத்தக் கட்டணம், இடைநிலை ஊதியம், சேர்ந்தபின் விலகினால் திரும்பும் தொகை ஆகிய மூன்றையும் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிவைக்க எத்துணை நேரம் ஆகும்? நாம் பார்த்தவற்றுள் அப்படியொரு பக்கம் எதிலும் இல்லை.