சுழியம் சொன்ன பொய்

சந்தா என்றால் வார இதழுக்குக் கட்டுவது என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன். மின்சாரம் விற்பவர்களும் வாங்குபவர்களும்கூடச் செய்திக்குச் சந்தா வைத்திருக்கிறார்கள் என்பதை, சென்ற விடுமுறையில் கணிப்பொறிப் பயிற்சிக்காக ஆஸ்திரேலிய மின்சாரச் சந்தையின் கோப்புகளை எடுத்தபோதுதான் அறிந்தேன்.

1998 டிசம்பரில் தொடங்கிய அந்தச் சந்தையில் இன்று குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா என ஐந்து வட்டாரங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு விலை. நாளொன்றுக்கு 288 விலைகள். எல்லாம் கோப்புகளாக வெளிவருகின்றன. சந்தையில் பங்குபெறும் நிறுவனம் தனக்கு வேண்டிய கோப்புகளுக்குச் சந்தா வைத்துக்கொள்கிறது. ஒரு நிரல் அவற்றை எடுத்து வரும். இன்னொன்று நிறுவனத்தின் தரவுத்தளத்தில் ஏற்றும். பொதுக் கோப்புகளை நம்மைப் போன்றவர்களும் இலவசமாகப் பெறலாம்.

வேடிக்கை என்னவென்றால், சில நண்பகல்களில் விலை சுழியத்துக்கும் கீழே போய்விடும். கூரைகளில் சூரிய மின்தகடுகள் பெருகியது ஒரு காரணம். மெகாவாட்மணிக்கு மைனஸ் 1000 டாலர் வரை இறங்க விதி இடம் தருகிறது. வீட்டில் இதைச் சொன்னேன். அப்பா தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏஞ்சாமி, கரண்டு விக்கறவனே காசும் குடுப்பானா? நல்லாப் பாத்தியா?"

நல்லாத்தான் பார்க்கவில்லை!

அக்கோப்புகளில் ஒவ்வொரு வரியும் ஓர் ஆங்கில எழுத்தில் தொடங்கும். 'சி' என்றால் குறிப்பு, 'ஐ' என்றால் பத்திகளின் தலைப்பு, 'டி' என்றால் தரவு. தலைப்பு வரியில் அட்டவணையின் பெயரோடு பதிப்பு எண்ணும் இருக்கும். அதை நிரல் படித்தறியும்படி செய்யாமல், அன்று கண்ட எண்ணையே எழுதி வைத்துவிட்டேன். பிந்திய மாதங்களில் எண் மாறியிருந்தது. என் நிரல் அந்த வரிகளையெல்லாம் சத்தமில்லாமல் தள்ளிவிட்டது. தரவு இல்லாத இடத்தில் சுழியம் போடச் சொன்னவனும் நானே.

துறை மன்றக் கூட்டத்தில் வரைபடத்தைக் காட்டி, "அங்கே மின்சாரம் இலவசமாகிவிட்டது" என்று முழங்கினேன். கைத்தட்டல் ஓய்ந்ததும் பேராசிரியர் எழுந்தார். "தம்பி, இரவு ஏழு மணிக்கும் சுழியமா? அங்கே இரவிலும் வெயில் அடிக்கிறதா?" அரங்கு சிரித்தது. எனக்கு நா எழவில்லை.

அன்றிரவுதான் நிறுவனங்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்று தேடினேன். சந்தை அமைப்பு அட்டவணைகளில் புதிய பத்திகளைச் சேர்ப்பதை முன்கூட்டியே அறிவிக்கிறது. நிறுவனங்கள் முதலில் தங்கள் தரவுத்தளத்தில் அந்தப் பத்திகளைச் சேர்த்து, சோதித்து, பிறகே சந்தாவைப் புதிய வடிவத்துக்கு மாற்றுகின்றன. அதுவரை பழைய வடிவிலும் கோப்பு சில காலம் வரும். வரிசை தலைகீழானால் கோப்பு வந்தும் ஏறாமல் நிற்கும்; விலை தெரியாமலே மின்சாரத்துக்கு விலை கூற நேரும். எனக்குப் போனது ஒரு மாலைப்பொழுதின் மானம் மட்டுமே.

நிரலைத் திருத்தினேன். தெரியாத பதிப்பு எண் வந்தால் இப்போது அது நின்று கத்தும். புதிய வரைபடத்தில் மாலை நேர விலை குன்று போல் எழுந்து நின்றது. பேராசிரியரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இது எந்த ஊர் நேரம்?" என்றார்.

சந்தைக் கடிகாரம் ஆண்டு முழுதும் குயின்ஸ்லாந்து நேரத்தில் ஓடுகிறது. நமக்கு நாலரை மணி முன்னால். வரைபடத்தில் அதை எழுத மறந்திருந்தேன்.