முன்னிலை ஒருமை

முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் தயாரித்த வினாநிரலின் முதற்கட்டம் 'வயது'. அடுத்த கட்டம், பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையிலான வயது வேறுபாடு. மராத்தி பேசுவோர் ஒருவரையொருவர் எவ்வாறு விளிக்கின்றனர் என்பதே என் ஆய்வுப்பொருள். 'தூ', 'தும்ஹீ', 'ஆபண்' என்னும் மூன்று முன்னிலைப் பெயர்களுள் யாருக்கு எது வாய்க்கும் என்பதைப் பெரும்பாலும் வயதும் உறவும் தகுதிநிலையும் தீர்மானிக்கின்றன. மொழியியல் பயின்றோர்க்கு இதில் புதுமை ஏதுமில்லை. ஆயினும், வயதுக் கட்டம் நிரப்பப்படாத படிவம் ஒன்று ஓராண்டாக என் மேசைமேல் கிடக்கிறது. அதைப் பற்றி எழுத வேண்டுமென்று பலமுறை அமர்ந்து, எழுதாமலே எழுந்திருக்கிறேன்.

மராத்தியர் வழங்கும் கதையொன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 1,400 ஆண்டுகள் வாழ்ந்தவராகச் சொல்லப்படும் சாங்தேவ் என்ற யோகி, இளைஞர் ஞானேசுவரருக்குக் கடிதம் எழுத முற்பட்டார். மராத்திக் கடித மரபில் மூத்தவர்க்கு ஒரு விளி, இளையவர்க்கு வேறொரு விளி. எதிரே இருப்பவர் வயதில் சிறுவர், ஞானத்தில் மூத்தவர். எப்படித் தொடங்குவது? யோகியால் முடிவுசெய்ய இயலவில்லை. வெற்றுத் தாளையே அனுப்பிவிட்டார். அதைப் பார்த்த தங்கை முக்தாபாய், இத்தனை நூற்றாண்டு வாழ்ந்தும் இவர் வெற்றுத் தாளாகவே இருக்கிறாரே என்று நகைத்தாளாம். ஞானேசுவரர் விடையாக எழுதிய 65 பாடல்கள் 'சாங்தேவ் பாசஷ்டி' என்னும் பெயரில் இன்றும் ஓதப்படுகின்றன. அந்தச் சிறுமியையே யோகி பின்னர் குருவாக ஏற்றார் என்கிறது மரபு.

விளிச்சொல் கிடைக்காமையால் எழுதப்படாது போன கடிதம்! என் ஆய்வேட்டின் முன்னுரைக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடைக்குமா என்று மகிழ்ந்தேன். அது என்னைப் பற்றிய கதையும்கூட என்பது அப்போது உறைக்கவில்லை.

ஜேஷ்ட மாதத்தில் ஞானேசுவரரின் பாதுகைகளைத் தாங்கிய பல்லக்கு ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் நோக்கிப் புறப்படும். ஏறத்தாழ 250 கிலோமீட்டர். ஏறக்குறைய மூன்று வார நடை. இதைத்தான் 'வாரி' என்கின்றனர். பல்லக்கு புணே நகரில் தங்கிவிட்டுப் புறப்பட்ட காலை, ஒலிப்பதிவுக் கருவியுடன் நானும் ஒரு 'திண்டி'யோடு சேர்ந்துகொண்டேன். சாஸ்வட் வரை 30 கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவு, அதிலும் திவே மலையேற்றம். அன்று தரவு ஏராளமாகக் குவியும் என்பது என் கணக்கு.

குவியவில்லை. வழிநெடுக எல்லோரும் எல்லோரையும் ஒரே சொல்லால் விளித்தனர்: 'மாவுலி', அதாவது தாய். தண்ணீர் கொடுப்பவர் மாவுலி, கூட்டத்தை விலக்கும் காவலர் மாவுலி, நானும் மாவுலி. விட்டலனும் அவ்வாறே, ஆண் தெய்வத்தை 'விட்டாயி' என்று தாயாக்கிவிட்டது அம்மொழி. எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் குனிந்து, பத்து வயதுச் சிறுவனின் பாதத்தைத் தொட்டார். சிறுவனும் சற்றும் கூச்சமின்றி அவர் பாதத்தைத் தொட்டான். என் படிவத்தின் வயது வேறுபாட்டுக் கட்டத்துக்கு வேலையே இல்லாமற் போயிற்று. சம்பந்தப் பிள்ளையின் சிவிகையை முதியவரான நாவுக்கரசர் சுமந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்க்கு இது வியப்பன்று. ஆனால் கேட்டு வளர்வது வேறு, மழைச்சேற்றில் நின்று காண்பது வேறு.

இதை நான் பொற்கனவாக்கவில்லை. சோகாமேளர் உள்ளே நுழையவியலாமல் நின்றவர்; அவர் சமாதியும் வாசற்படிக்கு அருகிலேயே இருக்கிறது. பண்டரிபுரக் கோயில் தலித் மக்களுக்குத் திறக்க 1947இல் சானே குருஜி உண்ணாநோன்பு இருக்க வேண்டியிருந்தது. சாலையில் மாவுலியாக இருப்பவர் வீட்டுத் திண்ணையில் யாராக இருக்கிறார் என்பது தனி ஆய்வுக்குரியது.

மலையடிவாரத்தில் துளசிமாடத்தைத் தலையில் சுமந்து வந்த ஒரு பாட்டியுடன் பேசக் கிடைத்தது. வயதைக் கேட்டேன். "எழுதிக்கொள், உனக்கு எது வசதியோ அது" என்றார். எத்தனை வயதில் வாரிக்கு வரத் தொடங்கினீர்கள் என்று மாற்றிக் கேட்டேன். தாயின் இடுப்பில் வந்தாராம். மணமானபின் புகுந்த வீட்டார் விடவில்லை; பிள்ளைகள், வயல், மாடு; பேரன் பிறந்த பிறகே மீண்டும் வந்தாராம். "அப்படியானால் இடையில் பல ஆண்டுகள் விட்டுப்போயிற்று" என்று குறித்துக்கொண்டே சொன்னேன். அவருக்கு அது புரியவில்லை, உண்மையாகவே புரியவில்லை. "என்ன விட்டுப்போயிற்று? விடியுமுன் திரிகை அரைக்கும்போது அவனோடு பேசுவேன். மாமியார் திட்டினால் அவனைத் திட்டுவேன். வாரிக்குத்தான் வரவில்லை."

ஜனாபாய் திரிகை சுற்றியபோது விட்டலன் உடனிருந்து அரைத்தான் என்பது கதை. அவள் அவனுடைய பெயரையே சிதைத்து, தெருப்பிள்ளையை அதட்டுவதுபோல் அழைத்ததும் உண்டு. அதையெல்லாம் நெருக்கத்தைக் காட்டும் விளி என்று வகைப்படுத்தி வைத்திருந்தேன். பாட்டி என் கருவியைச் சுட்டிக் கேட்டார்: "நீ உன் தேவனை எப்படிக் கூப்பிடுவாய் மாவுலி?"

ஒலிப்பதிவில் அதற்குப் பின் சில நொடி மௌனம். ஜால்ரா ஒலி மட்டும் கேட்கிறது. அப்புறம் என் குரல், இன்னொரு வினாவுக்குத் தாவிவிடுகிறது.

அந்த மௌனத்துக்குக் காரணம் உண்டு. சிறுவயதில் நான் முருகனோடு ஓயாமல் பேசியவள். எங்கள் வீட்டில் அப்பா 'நீங்கள்', அம்மா 'நீ', முருகனும் 'நீ'. முதுகலை படிக்கும்போது கடவுளைப் பற்றிப் பேசக் கற்றேன். நன்றாகவே பேசுவேன், கருத்தரங்குகளில் கைதட்டு வாங்கியிருக்கிறேன். எல்லாம் படர்க்கையில். எப்போது முன்னிலை நின்றது என்று நினைவில்லை. சண்டையிட்டுப் பிரியவில்லை, நாத்திகம் பேசவும் இல்லை. இதெல்லாம் ஓய்வுக்காலத்துக்கு உரியது என்ற நினைப்பில் தள்ளிவைத்தேன், அவ்வளவே. ஞானேசுவரர் தம் கீதையுரையை முடித்தது 1290இல், பதினைந்து பதினாறு வயதில். சமாதி அடைந்தது 21 வயதில் என்பர். எனக்கு இருபத்தெட்டு. மூன்றாம் இயலே இன்னும் முடிந்தபாடில்லை.

வாரிக்கு முந்தைய ஆண்டு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இரவு முழுதும் நின்றேன். அழைக்க வேண்டும்போல் இருந்தது. வாயில் வந்ததெல்லாம் "நல்லபடியாக ஆகட்டும்", "பிழைத்துக்கொள்ளட்டும்" என்பவை. வியங்கோள் இருதிணைக்கும் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்று மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். யாரையும் நோக்காமல் வேண்டிக்கொள்ள அது எத்தனை வசதியான வினை என்பதை அன்றிரவுதான் அறிந்தேன்.

அப்பா பிழைத்தார். பேச்சு போயிற்று. என் பெயர் வரவில்லை, தண்ணீர் என்ற சொல் வரவில்லை. ஒரு சொல் மட்டும் தெளிவாக வந்தது: "முருகா." அம்மாவிடம் விளக்கினேன். ஹியூலிங்ஸ் ஜாக்சன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டிருக்கிறார்; பேச்சிழந்தோர்க்கும் வசவு, வழிபாடு, வாய்க்குப் பழகிய தொடர்கள் எஞ்சுவதுண்டு; அது தன்னியக்கப் பேச்சு; அதில் பொருள் தேட வேண்டியதில்லை. அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவர் யாரைக் கூப்பிடுறார்னு அவருக்குத் தெரியும்டி" என்றாள்.

என் விளக்கம் பிழையன்று. இன்றும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். அம்மா சொன்னதை மறுக்க என்னிடம் தரவு இல்லை. அறுபது ஆண்டு நாள்தோறும் சொல்லிச் சொல்லித்தான் ஒரு சொல் மூளையில் அந்த ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது. எனக்கு அப்படியொன்று நேர்ந்தால் எஞ்சுவது எந்தச் சொல்லாக இருக்கும்? ஆய்வேட்டின் தலைப்பாகவா?

சாஸ்வட் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. கால்களில் கொப்புளம். கூடாரத்தில் பிட்லாவும் பாக்ரியும் கொடுத்தார்கள். வீட்டுக்குப் பேசினேன், அம்மா வழக்கம்போல் கைப்பேசியை அப்பாவின் காதில் வைத்தாள். சிறுசிறு தொடர்களாக நிறுத்திப் பேசுமாறு பேச்சுப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அன்று எனக்கு அதுவும் வரவில்லை. நெடுநேரம் அவர் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவர் சொன்னார். முருகன் என்பதன் ஈறு கெட்டு, ஈற்றயல் நீண்டு வரும் விளி. நன்னூல் படித்த எவரும் சொல்லிவிடுவர்.

நானும் சொன்னேன். அப்பா சற்று நிறுத்தி, மீண்டும் சொன்னார்.