நம் தொகுதிப் பிரதிநிதிக்கு ஒரு கடிதம்

எங்கள் சொந்த ஊர் பாலசமுத்திரம். சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருப்பது. கடைவீதியில் தெலுங்கும் வீட்டில் தமிழும் பேசி வளர்ந்தவர்கள் நாங்கள். சிட்னி மாநகரிலிருந்து சென்ற ஆண்டு நாங்கள் எழுதிய ஒரு கடிதத்தைப் பற்றி நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். ஆயினும், அதற்கு முன் எங்கள் பாட்டனார் காலத்தில் அவ்வூரில் எழுதப்பட்ட ஒரு மனுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த மனுவை அறியாதவர்க்கு இந்தக் கடிதத்தின் அருமை விளங்காது.

1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுள் சென்றது. வடக்கெல்லைத் தமிழ் மக்கள் ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோருடன் நின்று கிளர்ச்சி செய்தனர். பின்னர் எச். வி. படாஸ்கர் என்பார் நடுவராக அமர்ந்தார். கிராமத்தை அலகாகக் கொண்டு, அங்குள்ள பெரும்பான்மையோரின் மொழியையும் நிலத்தொடர்ச்சியையும் நோக்கி எல்லையை வகுத்தார். 1959-இல் பாராளுமன்றம் அதற்குச் சட்டம் இயற்றிற்று. 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணியும் பள்ளிப்பட்டும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. எங்கள் ஊர் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது.

அந்த ஆண்டுகளில் எங்கள் பாட்டனாரும் தெருவார் சிலரும் திண்ணையில் கூடி, டில்லிக்கு ஒரு மனு எழுதினார்கள். எழுதத் தெரிந்தவர் கையெழுத்திட்டனர். தெரியாதவர் கைந்நாட்டு வைத்தனர். சமூகத்திற்குத் தாழ்மையுடன் சமர்ப்பித்துக் கொள்வதாகத் தொடங்கிய அம்மனுவின் நகல் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் நெடுங்காலம் இருந்தது. அதற்குப் பதில் வரவில்லை. எல்லை எப்பக்கம் போயிற்று என்பதைவிட அதுவே பாட்டனாருக்கு மனக்குறை. "கேட்டது கிடைக்காவிட்டால் போகிறது, கடுதாசி வந்து சேர்ந்தது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்" என்று முதுமையிலும் கூறுவார்.

கடல் கடந்து வந்தபோது எங்கள் பெட்டிகளோடு அந்த மனக்குறையும் வந்தது போலும். இந்நாட்டில் பிரஜாவுரிமை பெற்றோம். வாக்களிப்பது இங்கே 1924 முதல் சட்டப்படி கட்டாயம். ஆதலால் தவறாமல் வாக்களித்தோம். ஆனால், எங்கள் தொகுதியின் பாராளுமன்ற அங்கத்தினர் யார் என்று கேட்டால் உடனே பெயர் சொல்லத் தெரியாது. பெரிய இடத்துக்கு எழுதினால் பதில் வராது என்பது எங்கள் நெஞ்சில் படிந்துபோன நம்பிக்கை.

இந்நிலையில் எங்கள் தந்தையார் காலமானார். அன்னையார் பாலசமுத்திரத்தில் தனியரானார். எங்கள் தமக்கையார் சித்தூரில் இருக்கிறார். தம்பி சென்னையில் இருக்கிறான். இருவர் வீடும் சிறிது. அன்னையாரை எங்களிடம் அழைத்துக்கொள்ள எண்ணினோம். பெற்றோர் இங்கே நிரந்தரமாகக் குடியேறுவதற்கு ஒரு விதி உண்டு. பிள்ளைகளில் பாதிப் பேராவது இந்நாட்டில் நிலையாக வாழ வேண்டும். அல்லது வேறெந்த ஒரு நாட்டிலும் உள்ளவர்களைவிட இங்கே உள்ளவர்கள் அதிகமாக இருக்க வேண்டும். மூன்று பிள்ளைகளில் இருவர் இந்தியாவில் இருக்கையில் எங்களுக்கு அக்கதவு மூடியதே. விதிக்கு உட்பட்டவர்களுக்கும் வழி எளிதன்று. 2023-24-ஆம் ஆண்டுத் திட்டத்தில் பெற்றோர்க்கென ஒதுக்கிய இடங்கள் 8,500 மட்டுமே. காத்திருப்போர் வரிசையோ பல்லாண்டு நீளமுடையது.

இரண்டு ஆண்டுகள் இதை எண்ணி எண்ணிக் கவலைப்பட்டோம். ஒரு வரி எழுதினோமில்லை. எங்கள் ஆங்கிலம் பிழைபடுமோ என்று ஒரு கூச்சம். நாங்கள் வாக்களித்த கட்சி வேறாயிற்றே என்று ஒரு தயக்கம். முறையிட்டால் எங்கள் பெயரை எங்கேனும் குறித்து வைத்துக்கொள்வார்களோ என்று ஓர் அச்சம். இவற்றை நம் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் வேளையில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரிடம் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பிலோயீலாச் சனம் எழுதினது ஆருக்காக, தம்பி? தங்களுக்காகவோ?" என்று கேட்டார்.

அவர் சுட்டியது நம்மவர் யாவரும் அறிந்த செய்தி. குயின்ஸ்லாந்தின் உட்பகுதியில் உள்ள சிற்றூர் பிலோயீலா. அங்கே வாழ்ந்துவந்த ஈழத் தமிழ்க் குடும்பம் ஒன்றை, இங்கேயே பிறந்த இரு பெண் குழந்தைகளுடன், 2018 மார்ச் மாதத்தில் ஒரு விடியற்காலையில் அதிகாரிகள் அழைத்துச் சென்றனர். 2019 ஆகஸ்டில் அவர்களை நாடு கடத்த விமானம் புறப்பட்டுவிட்டது. நீதிமன்ற ஆணையால் அது டார்வினில் இறங்கிற்று. பின்னர் கிறிஸ்துமஸ் தீவில் காவலில் வைக்கப்பட்டனர். அந்த ஊரார் தமிழர் அல்லர். அரசியல் தெரிந்த பெரிய மனிதரும் அல்லர். எனினும் அவர்கள் கடிதம் எழுதினார்கள், தொலைபேசியில் பேசினார்கள், மனுக்களில் இலட்சக்கணக்கான கையொப்பம் சேர்த்தார்கள், கான்பெராவுக்கே சென்று பிரதிநிதிகளை நேரில் கண்டார்கள். நான்காண்டுகள் ஓயவில்லை. 2022 மே மாதத் தேர்தலுக்குப் பின் அக்குடும்பம் ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது. ஜூனில் பிலோயீலாவுக்கு மீண்டது. ஆகஸ்டில் நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் பெற்றது.

நாடு கடத்தப்படும் நிலையில் இருந்த அயலாருக்காக அவ்வூரார் எழுதினார்கள். வாக்குரிமையும் பிரஜாவுரிமையும் பெற்ற நாங்கள் எங்கள் அன்னைக்காக எழுத அஞ்சி இருந்தோம். அன்றிரவே எழுதத் தொடங்கினோம்.

எழுதுமுன் யாருக்கு எழுதுவது என்று தெளிந்துகொள்ள வேண்டியிருந்தது. நம்மவரில் பலர் இதிலேயே இடறுகின்றனர். இந்நாட்டில் அரசாங்கம் மூன்று படியில் உள்ளது. குப்பை, நூலகம், தெருவோரப் பூங்கா முதலியவை நகரசபைக்கு உரியவை. பள்ளிக்கூடம், மருத்துவமனை, காவல் துறை ஆகியவை மாநிலத்தைச் சேர்ந்தவை. குடிவரவு, பிரஜாவுரிமை, ஓய்வூதியம், சென்டர்லிங்க், மெடிகேர், வருமான வரி என்பவையே கான்பெராப் பாராளுமன்றத்தின் பொறுப்பு. அதன் கீழவையில் 2025 தேர்தலின்படி 150 பேர் உள்ளனர், தொகுதிக்கு ஒருவர். மேலவையில் 76 பேர். ஒவ்வொரு மாநிலத்துக்கும் 12 பேர், இரு பிரதேசங்களுக்கும் இவ்விரண்டு பேர். நம் தபால் எண்ணைக் கொண்டு நம் தொகுதியைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அறியலாம். அங்கத்தினருக்குத் தொகுதியிலேயே காரியாலயம் உண்டு. நாம் யாருக்கு வாக்களித்தோம் என்று அங்கே கேட்பதில்லை. இன்னும் பிரஜாவுரிமை பெறாதவரும் தம் தொகுதி அங்கத்தினரை அணுகலாம்.

எங்கள் முதற்கடிதம் மூன்று பக்கம் ஓடிற்று. பாட்டனாரின் மனுவைப் போலவே தாழ்மை, கருணை, சமூகம் என்ற சொற்களின் ஆங்கில வடிவங்கள் வரிக்கு வரி இருந்தன. பத்தாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகன் அதை வாங்கிப் படித்துவிட்டு, "அப்பா, இவர் நமக்காக வேலை செய்யத்தானே அங்கே இருக்கிறார்? ஏன் இப்படிக் கெஞ்சுகிறீர்கள்?" என்றான். எங்களுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு நாணம் வந்தது. அவனையும் உடன் வைத்துக்கொண்டு மறுபடி எழுதினோம்.

இரண்டாம் கடிதம் ஒரே பக்கம். தலைப்பில் எங்கள் முழு முகவரி. தொகுதிக்குள் வசிப்பவர் என்பதற்கு அதுவே சான்று. முதற்பத்தியில் நாங்கள் யார் என்பது. அடுத்ததில் அன்னையாரின் வயதும் தனிமையும். மூன்றாவதில், பாதிப் பிள்ளைகள் என்னும் விதி எங்களைப் போன்ற வீடுகளில் என்ன செய்கிறது என்பது. இறுதியில் இரண்டே வேண்டுகோள்: இன்றைய சட்டத்தில் வேறு வழி உண்டாயின் தெரிவிக்க வேண்டும், அவ்விதியை மறுபடி ஆராயுமாறு அமைச்சருக்கு எங்கள் கருத்தைச் சேர்ப்பிக்க வேண்டும். வசைச்சொல் ஒன்றும் இல்லை; கெஞ்சுதலும் இல்லை.

பதினோராம் நாள், கடிதம் கிடைத்தது என்று இரண்டு வரி வந்தது. அதைப் படித்தபோது பாட்டனாரின் முகம் எங்கள் கண்முன் நின்றது. சில நாள் கழித்துக் காரியாலயத்து அம்மையார் ஒருவர் தொலைபேசியில் பேசினார். அன்னையார் சார்பில் விசாரிக்க ஒப்புதல் படிவம் ஒன்றில் கையெழுத்து வேண்டும் என்றார். எங்களுக்கு விருப்பமானால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பேசலாம் என்றும் கூறினார். அச்சேவை 131 450 என்ற எண்ணில் நாடெங்கும் கிடைப்பது; ஆங்கிலம் தடுமாறும் நம் வீட்டுப் பெரியோர்க்கு இதைக் குறித்துக் கொடுங்கள்.

ஐந்தாம் வாரம் முழுப் பதில் வந்தது. ஒருவருக்காகச் சட்டத்தை மாற்ற அங்கத்தினரால் இயலாது என்று அவர் ஒளிவின்றி எழுதியிருந்தார். எங்கள் கருத்தை அமைச்சருக்கு அனுப்பியிருந்தார். அத்துடன், நாங்கள் அறியாத ஒரு வழியையும் காட்டியிருந்தார். 2019 முதல் பெற்றோர்க்கெனத் தற்காலிக அனுமதி ஒன்று நடைமுறையில் உள்ளது. பிள்ளைகளின் எண்ணிக்கை விதி அதற்கு இல்லை. முதலில் பிள்ளை பொறுப்பாளராக ஏற்கப்பட வேண்டும். பின்னர் ஒருமுறைக்கு மூன்று அல்லது ஐந்து ஆண்டு, மொத்தம் பத்து ஆண்டு வரை தங்கலாம். ஐந்தாண்டுக்குக் கட்டணம் பத்தாயிரம் டாலருக்கு மேல். மருத்துவக் காப்புறுதி நம் செலவு. நிரந்தர உரிமை இதனால் வாராது. எங்களுக்கு இது பெருந்தொகைதான். ஆயினும் இது வழி; நாங்கள் கண்டதெல்லாம் சுவராக இருந்த இடத்தில் ஒரு வழி. எழுதாமல் கழித்த அந்த இரண்டு ஆண்டுகளும் அன்னையார் தனியே விளக்கேற்றிய ஆண்டுகள். அவற்றை யாரும் எங்களுக்குத் திருப்பித் தரப்போவதில்லை.

இந்நாட்டுப் பாராளுமன்றம் 1901-இல் கூடியபோது முதலில் இயற்றிய சட்டங்களுள் ஒன்று, நம் போன்றவரை வெளியே நிறுத்துவது. அதிகாரி விரும்பிய ஐரோப்பிய மொழியில் 50 சொற்களைச் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். தவறினால் கரையேற இயலாது. அச்சோதனை 1958-இல் ஒழிந்தது; நிறத்தைப் பார்த்து விலக்கும் கொள்கையின் மிச்சமும் 1973-இல் நீங்கிற்று. அதே பாராளுமன்றத்துக்கு ஈழத் தமிழ்ப் பெற்றோரின் மகளாகிய மிஷேல் ஆனந்தராஜா 2022-இல் கீழவைக்கும், 2025-இல் மேலவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். நம் எழுத்தைக் கண்டு கதவடைத்த மன்றத்துக்கு நாம் பிழையான ஆங்கிலத்திலேனும் எழுதலாம், படிப்பார்கள்.

தனிக் கடிதம் அன்றிப் பொதுமனுவும் உண்டு. கீழவைக்கு 2016 முதல் இணையதளத்தின் வழியாகவும் மனு அளிக்கலாம். 250 சொல்லுக்குள் அமைய வேண்டும். ஒரே ஒரு கையொப்பம் இருந்தாலும் ஏற்பர். அமைச்சருக்கு அனுப்பப்படும் மனுவுக்கு 90 நாளுக்குள் பதில் எதிர்பார்க்கப்படும். பெற்றோர் விதியைப் பற்றி நம் சங்கத்து வீடுகள் கூடி இத்தகைய மனு ஒன்று எழுதலாம் என்பது எங்கள் எண்ணம். அடுத்த கூட்டத்தில் இதைப் பேச வேண்டுகிறோம்.

அன்னையாருக்கான விண்ணப்பத்தின் முதற்படி முடிந்துவிட்டது. அங்கத்தினரின் பதிலைத் தமிழில் எழுதி ஊருக்கு அனுப்பினோம். அன்னையார் தொலைபேசியில் நெடுநேரம் அதைப் பற்றியே பேசினார். "அந்த இங்கிலீஷ் காகிதத்தையும் அனுப்பு, கண்ணு. உங்கள் தாத்தா மனு இருக்கிற பெட்டியிலேயே வைக்கிறேன். மாமா இருந்திருந்தால் திண்ணையில் உட்கார்ந்து தெருவுக்கே படித்துக் காட்டியிருப்பார்" என்றார்.

மறுநாளே தபாலில் சேர்த்துவிட்டோம்.