தொட்டுப் பார்க்காத சேலை

பட்டுச் சேலை வாங்க வருபவர் கடையில் முதலில் துணியைத் தொடுவார். முந்தியை விரலில் தேய்த்துப் பார்ப்பார், கையில் ஏந்திக் கனம் பார்ப்பார், வாசல் வரை எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பார், கூட வந்த அக்காவின் தோளில் போட்டுப் பார்ப்பார். காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் திருபுவனத்திலும் கைபேசி வழியாகச் சேலை விற்கும் சிறு வியாபாரியால் இந்த நான்கையும் தர முடியாது. அவற்றுக்கு ஈடாக அவர் என்ன தருகிறார் என்பதில்தான் இணைய விற்பனை நிற்கிறது. விளம்பரமும் தள்ளுபடியும் பின்தொடர்பவர் எண்ணிக்கையும் அதற்குப் பிறகு வருபவை.

வாங்கியவருக்கும் விற்றவருக்கும் மனக்கசப்பு பெரும்பாலும் நிறத்தில்தான் தொடங்குகிறது. கைபேசிக் கேமரா, விழும் வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைத் தானே திருத்திக்கொள்ளும். கடை விளக்கின் கீழ் எடுத்தால் மாந்துளிர் வெளுக்கும், அரக்கு சிவப்பாகும், கத்தரிப்பூ நீலத்தின் பக்கம் சாயும். வெயில் நேராக விழாத திண்ணையோ வடக்குப் பார்த்த ஜன்னலோ இருந்தால் போதும். வாடகை ஸ்டூடியோ தேவையில்லை. சேலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்து, படத்தில் தாள் வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்தால் நிறம் பிசகியதா இல்லையா என்பது தெரிந்துவிடும். தாள் மஞ்சளடித்தால் அந்தப் படம் பயன்படாது. ஃபில்டர் போடுவது கூடவே கூடாது. பளபளப்பு கூடக்கூட ஆர்டர் வரலாம், ஆனால் பெட்டியைப் பிரிக்கும் நொடியில் அந்த வாடிக்கையாளர் கைவிட்டுப் போகிறார்.

பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம் என்று நெய்த சேலைக்கு நிழற்படமே போதாது. மயில்கழுத்து நிறம் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் பச்சையாகவும் தெரியும். எந்தப் படத்தைப் போட்டாலும் அது பாதி உண்மைதான். மடிப்பைக் கையில் பிடித்து மெதுவாகத் திருப்பும் சிறு காணொளி ஒன்று அந்தக் குறையைத் தீர்க்கும். நிறத்தின் பெயரையும் எழுத்தில் சொல்ல வேண்டும். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் 'எம்.எஸ். நீலம்' என்ற பெயர் மூத்தவர்களுக்குச் சொன்னதும் புரியும். இளையவர்களுக்குப் படத்தோடு சேர்த்துச் சொன்னால்தான் புரியும்.

உடல், கரை, முந்தி, ரவிக்கைத் துணி ஆகியவற்றுக்குத் தனித்தனிப் படம் வேண்டும். பலர் மறந்துவிடுவது பின்புறம். விவரம் தெரிந்தவர் முதலில் கேட்பதும் அதையே. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்கள் ஓடும். நெய்பவருக்குப் பக்கத்தில் உதவிக்கு ஒருவர் உட்கார்ந்திருப்பார். கரையும் உடலும் கோக்கப்பட்ட இடம் பின்புறத்தில் தெளிவாகத் தெரியும். அந்த இடத்தை நெருக்கமாக எடுத்த ஒரு படம் 'நூறு சதவீதம் அசல்' என்ற வாசகத்தைவிட அதிகம் சொல்லும். ஒருவர் உடுத்திய படமும் தேவை. கரையின் உயரம் இத்தனை அங்குலம் என்று எழுதினால் பலருக்கு மனதில் பதியாது. கொசுவத்தில் பார்த்தால் பதியும்.

பெரிய கடைகளின் படங்களை எடுத்துப் போட்டு விற்பதும், ஒரு வாட்ஸாப் குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் படங்களைத் தள்ளிவிட்டு இடையில் தரகு பார்ப்பதும் இந்தத் தொழிலைக் கெடுக்கும் வழக்கங்கள். அப்படி விற்பவர் சேலையைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். வாங்குபவர் கேட்கும் இரண்டாவது கேள்விக்கே அவரிடம் பதில் இருக்காது. சொந்தமாக எடுத்த சுமாரான படம், இரவல் வாங்கிய அழகான படத்தைவிட மேல்.

படத்துக்கு அடுத்தது விவரம். நீளம் ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணி 80 சென்டிமீட்டர் என்று அளந்து எழுத வேண்டும். எடை எத்தனை கிராம் என்பது பட்டுக்கு அவசியம்; கையில் ஏந்திப் பார்க்க முடியாதவருக்கு அந்த எண்தான் கனம். பட்டு நூலின் மேல் வெள்ளி சுற்றித் தங்க முலாம் பூசிய ஜரிகையா, டெஸ்டட் ஜரிகையா என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். டெஸ்டட் ஜரிகைச் சேலையை விரும்பி வாங்குபவர்கள் ஏராளம். விலை குறைவு, எடை குறைவு என்பதே அவர்கள் காரணம். அதை அசல் என்று சொல்லி விற்பதில்தான் குற்றம் இருக்கிறது. பருத்தியானால் நூல் 80-ஆம் நம்பரா 120-ஆ என்பது வேண்டும். மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-இல் தொடங்கிய சில்க் மார்க், 2006-இல் வந்த ஹேண்ட்லூம் மார்க் ஆகிய முத்திரைகள் சேலையில் இருந்தால் அவற்றையும் படம் எடுத்துப் போடலாம். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருப்பதால், வேறு ஊரில் நெய்ததை அந்தப் பெயரில் விற்பது பொய் மட்டுமல்ல, சட்டப்படியும் தவறு.

விலை. 'விலைக்கு மெசேஜ் செய்யவும்' என்று எழுதும் பழக்கம் ஊரெங்கும் பரவியிருக்கிறது. போட்டியாளர் பார்த்துவிடுவார் என்ற பயம் அதற்குக் காரணம். போட்டியாளர் எப்படியும் கேட்டுத் தெரிந்துகொள்வார். கூச்சப்பட்டுக் கேட்காமல் போவது வாங்க வந்தவர். விலையையும் அனுப்பும் செலவையும் படத்தின் கீழேயே எழுதிவிட்டால் கேள்விகள் பாதியாகக் குறையும், கேட்பவர்களில் வாங்குபவர் விகிதம் கூடும்.

எங்கே விற்பது என்ற கேள்விக்குச் சிறு வியாபாரியைப் பொறுத்தவரை விடை வாட்ஸாப்பில் தொடங்குகிறது. வாட்ஸாப் பிசினஸ் 2018-இல் வந்தது, இலவசம். அதில் சேலைகளை விலையோடு அடுக்கும் கேட்டலாக் வசதி அடுத்த ஆண்டு சேர்ந்தது. விற்ற சேலையை அன்றே கேட்டலாக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். கைத்தறியில் ஒரு நிறச்சேர்க்கைக்குப் பெரும்பாலும் ஒரே சேலைதான் இருக்கும். ஆசைப்பட்டுக் கேட்டவரிடம் 'போய்விட்டது' என்று திரும்பத் திரும்பச் சொன்னால் அவர் கேட்பதையே நிறுத்திவிடுவார். குழு ஆரம்பித்து நூறு பேரைக் கேட்காமல் சேர்ப்பதைவிட பிராட்காஸ்ட் பட்டியல் நல்லது. குழுவில் ஒருவர் எண் எல்லோருக்கும் தெரியும். பெண்கள் பலர் அதனாலேயே வெளியேறுகிறார்கள். பிராட்காஸ்ட் செய்தி, கடையின் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். ஆகவே முதல் விற்பனையின்போதே எண்ணைச் சேமிக்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டும்.

2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டு, அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. அதன் பின் சேலை விற்பவர்கள் எல்லோரும் அங்கே குடியேறினார்கள். தறி ஓடும் காணொளி, விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கட்டும் காணொளி ஆகியவற்றுக்கு லைக் குவியும். ரசிப்பவர்களில் வாங்குபவர் சிலரே. ஆர்டர் வருவது பெரும்பாலும் உடுத்திக் காட்டும் காணொளிகளுக்கும், சேலையை மேசையில் விரித்துப் பேசிக் காட்டும் காணொளிகளுக்கும். தறிக் காணொளியைப் போடவே வேண்டாம் என்பதல்ல. நெய்பவர் சம்மதித்தால் அவர் பெயரையும் சொல்லிப் போடுவது அவருக்குச் செய்யும் மரியாதை, வாங்குபவருக்கும் ஒரு நிச்சயம்.

கடையோ வீட்டோடு சேர்ந்த விற்பனை அறையோ இருந்தால் கூகுள் பிசினஸ் புரொஃபைலைத் தவிர்க்கக் கூடாது. கல்யாணப் பட்டு எடுக்க வேன் பிடித்து வரும் குடும்பம் வழியிலேயே கைபேசியில் தேடுகிறது. திறக்கும் நேரமும் விடுமுறையும் அதில் சரியாக இருக்க வேண்டும். விமர்சனத்துக்குத் தள்ளுபடி கொடுப்பதைக் கூகுள் அனுமதிப்பதில்லை. வாடிக்கையாளர் போல வியாபாரியே விமர்சனம் எழுதுவதை 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் தடுக்கின்றன. குறை சொல்லும் விமர்சனத்துக்குப் பணிவாக எழுதிய பதிலைப் பலர் படிக்கிறார்கள். அது கடைக்கு நல்ல பெயரே தரும்.

சேலைக்குப் பருவம் உண்டு. ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்குப் பட்டு எடுப்பவர் ஆடியிலேயே பார்க்கத் தொடங்குகிறார். ரவிக்கை தைக்கவும் ஆரி வேலை செய்யவும் நாள் வேண்டும். தை முகூர்த்தத்துக்கு மார்கழியும் அப்படியே. கடை ஓய்ந்திருக்கும் அந்த மாதங்கள்தான் படம் எடுக்கவும் கேட்டலாக்கைப் புதுப்பிக்கவும் உகந்தவை. தீபாவளி நெருக்கத்தில் கொடுக்கும் கட்டண விளம்பரம் பெரிய கடைகளின் பணத்தோடு மோத வேண்டியிருக்கும்; சிறு வியாபாரிக்கு அது அநேகமாக வீண். மற்ற நாட்களில் சிறு தொகையில், ஏற்கனவே நன்றாகப் போன காணொளிக்குக் கொடுக்கலாம். விளம்பரக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பணம் வந்ததை வங்கிக் கணக்கில் பார்த்த பிறகே சேலை கிளம்ப வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டைப் போலியாகச் செய்வது எளிது. பணம் அனுப்புவதாகச் சொல்லி க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்பவர் மோசடிக்காரர். யுபிஐயில் பணம் பெற பின் எண் தேவையே இல்லை. அனுப்புவதற்கு முன் சேலையை முழுக்க விரித்துக் காட்டி, மடித்து, பாலிதீன் உறையில் இட்டு ஒட்டுவது வரை ஒரே காணொளியாக எடுத்து வைத்தால் பின்னால் தகராறு வராது. உண்மையிலேயே நெசவுப் பழுது இருந்தால் வாதாடாமல் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தொழிலில் லாபம் தருபவர் இரண்டாம் முறை வாங்குபவர். அவரை வரவழைக்க விளம்பரச் செலவே இல்லை. இன்ஸ்டாகிராம் கணக்கு ஒரே இரவில் முடங்கலாம், கைபேசி தொலையலாம். வாங்கியவரின் பெயர், எண், எடுத்த சேலை, விரும்பிய நிறம் ஆகியவற்றை அவர் சம்மதத்தோடு ஒரு நோட்டில் எழுதி வைத்து, அடுத்த முகூர்த்த காலத்துக்கு முன் அவருக்குப் பொருந்தும் இரண்டு சேலைகளை மட்டும் அனுப்பிப் பாருங்கள். விளம்பரத்துக்கு ஒரு ரூபாய் ஒதுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது.