கண்ணீருக்கு எத்தனை புள்ளி?

2023 டிசம்பரில் அரியாலைச் சிறுமி கில்மிஷா, ஜீ தமிழ் தொலைக்காட்சியின் ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ போட்டியில் வாகை சூடினாள். அச்சுவேலியில் நாங்களும் களித்தோம். நம் மண்ணின் குரலொன்று கடல் கடந்து வென்றதில் பெருமை கொள்ளாதார் யார்?

அந்தப் பெருமையின் நிழலிலேதான் என் மாணவியொருத்தி கொழும்பில் நடந்த வேறொரு தொலைக்காட்சித் தேர்வுக்குப் புறப்பட்டாள். வயது 12. ‘வாழ்க்கையில் நீர் அனுபவித்த துன்பங்கள் யாவை?’ என்றொரு கேள்வி விண்ணப்பத்தில் இருந்தது. பிள்ளை திகைத்தாள். தமிழ் வாத்தியார் நானிருக்கிறேனே! சீவல் தொழிலாளியான தந்தை பனையிலிருந்து விழுந்து படுக்கையில் கிடப்பதையும், தாய் புகையிலைத் தோட்டத்திற்குக் கூலிக்குப் போவதையும் உருக்கமாக எழுதிக் கொடுத்தேன். எவ்விடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்பதையும் கற்பித்தேன்.

அவள் தேர்வாகவில்லை. திரும்பி வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: “சேர், நான் அழாதபடியாத்தானே என்னை எடுக்கேல்லை?”

பாட்டைப் பற்றி அவள் கேட்கவேயில்லை.

பிரான்ஸ் நாட்டிலே சிறுமியரை அலங்கரித்து மேடையேற்றிய அழகுப் போட்டிகளுக்கு 2014ஆம் ஆண்டில் சட்டம் குறுக்கே நின்றது. தோற்றத்தை மதிப்பிடும் போட்டிகளில் 13 வயதுக்குட்பட்டோர் பங்குபற்றலாகாது. 16 வயதுக்குட்பட்டோர் பங்குபற்ற முன்னனுமதி வேண்டும். குழந்தையின் முகத்தை விலைபேசுவதற்கு அங்கே வரம்பு கட்டினார்கள். குழந்தையின் வறுமையை விலைபேசுவதற்கு நாம் கட்டிய வரம்பு எது?

போட்டிகளே வேண்டாமென்று நான் வாதிடவில்லை. ஏழைக் குழந்தையின் திறமைக்கு மேடை வேண்டும். ஆனால், அதற்கு நுழைவுச் சீட்டாகக் கண்ணீரைக் கேட்பது எந்த நியாயம்? பனையேறுபவனின் உயிருக்குப் பாதுகாப்பும், கூலிப் பெண்ணுக்கு நேரிய ஊதியமும் கேட்க வேண்டிய சமுதாயம், அவர்களின் மகள் பாடுகையில் விம்முகிறது. விளம்பரம் வந்ததும் மறந்துவிடுகிறது.

கேட்டவர்கள் மட்டுமா குற்றவாளிகள்? எழுதிக் கொடுத்தவன் நான். “இல்லைப் பிள்ளை, பிழை என்னுடையது” என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. இனி அந்தக் கேள்விக்கு எந்த மாணவருக்கும் நான் விடை எழுதிக் கொடுக்கமாட்டேன். அவ்விடத்தை வெறுமையாகவே விடும்படி பெற்றோரிடமும் சொல்லி வருகிறேன்.