மாந்தோப்பும் வரியில்லாத் துறைமுகமும்

காவேரிப்பட்டணத்திலிருந்து போச்சம்பள்ளிப் பகுதியை நோக்கிக் கோடை நாளில் பயணம் செய்வீர்களாயின், நாகரசம்பட்டி என்னும் ஊரைக் காண்பீர்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மாந்தோப்புகள் சூழ்ந்த வட்டாரம் இது. பங்கனப்பள்ளி, செந்தூரா, நீலம் எனப் பல வகைக் கனிகள் விளைந்தாலும், ஆலைக்காரர்கள் விரும்பி வாங்குவது கிளிமூக்குப் போன்ற நுனியுடைய பெங்களூரா மாங்காயையே. அதைக் கூழாக்கி, டின்களிலும் பீப்பாய்களிலும் அடைத்து, சவூதி அரேபியா, நெதர்லாந்து முதலிய நாடுகளுக்கு அனுப்புகின்றனர்.

சென்னைத் துறைமுகம் இங்கிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆயினும் இவ்வூர் உழவரின் வரவு செலவு கடலோடு பிணைந்தே கிடக்கிறது. 2025ஆம் ஆண்டுக் கோடையில் இவ்வுண்மை கசப்பாகவே வெளிப்பட்டது. விளைச்சல் மிகுந்தது, முந்தைய பருவத்துக் கூழோ ஆலைகளில் விற்காமல் தேங்கியிருந்தது. பெங்களூரா மாங்காயின் விலை சரிந்து, பறிகூலிக்கும் கட்டாத நிலை உண்டாயிற்று. அண்டை மாநிலமான ஆந்திரத்தின் அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என விலை குறித்து, அதில் 4 ரூபாயைத் தானே ஏற்றுக்கொண்டது. இவ்வுதவி வரவேற்கத்தக்கதே. ஆனால் காய் விழுந்த பின் தாங்கும் கை அது. விழாதிருக்கச் செய்யும் வழி யாது?

இதற்கு விடை தேட, வரியில்லாத் துறைமுகங்களின் பக்கம் சற்றே திரும்புவோம். நம் சபுராளிகளுக்கு அவை அந்நியமானவை அல்ல. 1786இல் பினாங்கும், 1819இல் சிங்கப்பூரும் ஆங்கிலேயர் வசமாகி, சுங்கமின்றிச் சரக்குகள் வந்து போகும் துறைகளாயின. அங்கெல்லாம் சென்று கடை விரித்த தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல்கள் இன்றும் நிற்கின்றன. 1841இல் ஹாங்காங்கும் அவ்வாறே வரியில்லாத் துறைமுகமாயிற்று. காயல்பட்டினத்து வணிகர் பலர் அங்குத் தொழில் நடத்தி வந்துள்ளனர்.

சுங்கம் வாங்காத அரசுக்கு வணிகத்தில் வேலையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஹாங்காங்கில் மது, புகையிலை, எண்ணெய் வகைகள், மெத்தில் ஆல்கஹால் ஆகியவற்றுக்கு மட்டுமே தீர்வை உண்டு. ஆயினும் 1966ஆம் ஆண்டிலேயே அவ்வரசு இரண்டு நிறுவனங்களை அமைத்தது. ஒன்று, உலக நாடுகளில் அலுவலகம் வைத்துச் சரக்குக்கு ஆள் தேடித் தரும் வணிக வளர்ச்சி மன்றம். மற்றொன்று, வாங்கியவர் பணம் தராமற்போனால் இழப்பில் பெரும்பகுதியை ஈடுசெய்யும் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டுக் கழகம். சிங்கப்பூரோ 1989இல் கணினி வலையமைப்பொன்றை ஏற்படுத்தி, பல அலுவலகங்களில் ஏறி இறங்கிப் பெற வேண்டிய வணிக அனுமதிகளை ஒரே இடத்தில் கிடைக்கச் செய்தது. தரைநிலம் குறைந்த இவ்வூர்களின் வாழ்வில் சரக்குக்குச் செய்யும் சேவைக்குப் பெரும் பங்குண்டு. ஹாங்காங்கின் உற்பத்தி மதிப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சேவைத் தொழில்களிலிருந்தே வருகிறது.

மீண்டும் நாகரசம்பட்டி வட்டாரத்துக்கு வருவோம். விளைவிப்பதற்கு அரசின் துணை இங்கே குறைவன்று. 1950களில் கிருஷ்ணகிரி அணை எழுந்தது. அருகிலுள்ள பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் நீலத்திலிருந்து ‘பையூர் 1’ என்னும் ரகத்தைத் தேர்ந்தெடுத்துத் தந்தது. விற்பதற்கும் நம் நாட்டில் நிறுவனங்கள் இல்லாமலில்லை. ஏற்றுமதிக்குக் காப்பீடு தரும் கழகம் 1957லேயே, அதாவது ஹாங்காங்குக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே, தொடங்கப்பட்டது. வேளாண் பொருள் ஏற்றுமதிக்கென ‘அபீடா’ என்னும் ஆணையம் 1986இல் உருவாயிற்று. ஆனால் அணையின் நீர் வாய்க்கால் வழியே வயலை அடைவதுபோல, இந்நிறுவனங்களின் உதவி தோப்புக்காரரை நேரே வந்தடைவதில்லை. அவருடைய கண்ணுக்குத் தெரியும் சந்தை மண்டியோடும் ஆலை வாசலோடும் முடிந்துவிடுகிறது.

எந்த நாட்டில் கூழ் தேங்கிக் கிடக்கிறது, எந்த நாடு எவ்வளவு மருந்தெச்சத்தை அனுமதிக்கிறது என்னும் செய்திகள் பூப்பூக்கும் காலத்திலேயே உழவருக்குக் கிட்ட வேண்டும். சோதனைக் கூடமும் குளிர்ப்பதனக் கிடங்கும் சிறு உழவருக்கு எட்டும் கட்டணத்தில் அமைய வேண்டும். அரசு செய்ய வேண்டியது இது.

நாம் செய்யக் கூடியதும் ஒன்றுண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளுள் வணிகம் பயின்றோர் பலர் ஓசூரின் தொழிற்சாலைகளையும் வளைகுடாவின் கடைகளையும் மட்டுமே வேலைக்கு நம்பியிருக்கிறார்கள். ஏற்றுமதிப் பத்திரங்கள், காப்பீடு, தரச்சான்று ஆகியவற்றைக் கற்று, பத்துத் தோப்புக்காரரை ஒன்றுசேர்த்து வழிகாட்டும் பணியும் நல்லதொரு தொழிலே. முன்னோர் கடல் கடந்து கற்ற வணிக நுட்பம் இம்மாந்தோப்பின் நிழலிலும் பயன்படட்டும்.